கிளாவிகார்டு: விரல் தந்தியை விடாத கருவி

பிள்ளைகள் பழகும் மின்னணு கீபோர்டில் ஒலிகளின் பட்டியல் ஒன்று இருக்கும். முதல் ஆறு இடங்களில் பியானோ வகைகள், ஏழாவது ஹார்ப்சிகார்டு, எட்டாவது ‘கிளாவி’. 1991இல் கருவித் தயாரிப்பாளர்கள் பொதுவாக ஏற்றுக்கொண்ட வரிசை இது. அந்த எட்டாவது ஒலியைத் தட்டிக் கேட்டுவிட்டு, கிளாவிகார்டு இப்படித்தான் ஒலிக்கும் என்று முடிவுகட்டியவர்கள் பலர். உண்மையில் அது கிளாவினெட் என்ற மின்கருவியின் ஒலி. 1960களில்தான் அது பிறந்தது. அசல் கிளாவிகார்டு தந்திகளும் கட்டைகளும் கொண்ட பழைய ஐரோப்பியக் கருவி. அது கிளாவினெட்டுக்கு ஐந்நூறு ஆண்டுகளுக்கும் மேல் மூத்தது; மின்சாரம் அறியாதது.

குழப்பம் இதோடு நிற்பதில்லை. ஹார்ப்சிகார்டின் படத்தைப் போட்டு ‘கிளாவிகார்டு’ என்று எழுதுகிறார்கள். வரலாற்றுப் படங்களில் கதாநாயகி கிளாவிகார்டின் முன் உட்கார்ந்து வாசிப்பாள். பின்னணியில் ஹார்ப்சிகார்டு கணீரென்று ஒலிக்கும். இவை சின்னப் பிழைகள், மன்னித்துவிடலாம். முதலில் கிளாவிகார்டு வந்தது, அது வளர்ந்து ஹார்ப்சிகார்டு ஆனது, அதுவும் வளர்ந்து பியானோ ஆனது என்று படிக்கட்டு கட்டிச் சொல்லும் கதையைத்தான் மன்னிக்க முடியாது. அந்தக் கதையை நம்பினால், கிளாவிகார்டு ஏதோ சத்தம் போதாத, அரைகுறையான பியானோ என்ற எண்ணம்தான் மிஞ்சும். பியானோவால் இன்றுவரை செய்ய முடியாத ஒரு காரியத்தைச் செய்த கருவி அது. அந்தக் காரியம் என்ன, அது எப்படி நடக்கிறது என்பதற்குத்தான் இந்தக் கட்டுரை. சங்கீதம் படித்திருக்க வேண்டிய அவசியமில்லை.

மூன்று கருவிகள், மூன்று வேலைகள்

மூன்றிலும் தந்திகள் உண்டு. மூன்றிலும் கட்டைகள் உண்டு. கட்டை என்று நான் சொல்வது ஆர்மோனியத்தில் நாம் விரல் வைத்து அழுத்துகிறோமே, அதே வெள்ளை, கறுப்புக் கட்டைதான். கட்டையை அழுத்தியதும் தந்திக்கு என்ன நேர்கிறது என்பதில்தான் மூன்றும் பிரிகின்றன.

ஹார்ப்சிகார்டில் கட்டையின் மறுமுனையில் ஒரு மெல்லிய மரத்துண்டு நிற்கிறது. அதில் பறவையிறகின் தண்டிலிருந்து சீவிய சிறு முள் ஒன்று பதிந்திருக்கும். கட்டையை அழுத்தினால் மரத்துண்டு மேலே எழும்பி, அந்த முள் தந்தியைச் சுண்டிவிட்டுப் போகும். மெதுவாக அழுத்தினாலும் ஓங்கி அழுத்தினாலும் சுண்டும் வேகம் பெரிதாக மாறாது. ஆகவே விரலின் வன்மை, மென்மை ஒலியில் ஏறக்குறைய தெரியாது.

பியானோவில் கட்டையை அழுத்தினால் ஒரு சுத்தியல் பறந்துபோய்த் தந்தியை அடித்துவிட்டு உடனே திரும்பிவிடும். ஓங்கி அடித்தால் உரத்த ஒலி, மெல்ல அடித்தால் மெல்லிய ஒலி. ஆனால் சுத்தியல் பறந்த அந்தக் கணத்தோடு விரலுக்கும் ஒலிக்கும் உள்ள உறவு அறுந்துபோகிறது. அதன்பின் கட்டையை எவ்வளவு அழுத்தினாலும், எப்படி அசைத்தாலும் ஒலித்துக்கொண்டிருக்கும் சுரம் மாறப்போவதில்லை. கையை எடுத்து ஒலியை நிறுத்தலாம், அவ்வளவுதான்.

கிளாவிகார்டில் சுண்டுவதும் இல்லை, பறந்துபோய் அடிப்பதும் இல்லை. கட்டையின் பின்முனையில் நேராக நட்டுவைத்த சிறு பித்தளைத் தகடு தந்தியைக் கீழிருந்து தொடுகிறது, தொட்டபடியே நிற்கிறது. விரல் கட்டையில் இருக்கும்வரை தகடு தந்தியில் இருக்கும். இந்தத் தகட்டுக்கு டேன்ஜென்ட் என்று பெயர். இந்தக் கருவியைப் பற்றிய மற்ற எல்லாம், அதன் சிறப்பும் அதன் தொல்லையும், இந்த ஒரு தகட்டிலிருந்து பிறப்பவை.

வீணையில் ஒரு சோதனை

பக்கத்தில் வீணை இருந்தால் ஒன்று செய்து பாருங்கள். வலக்கையால் மீட்டாதீர்கள். இடக்கை விரலால் மட்டும், ஒரு மெட்டின் அருகே தந்தியைச் சட்டென்று தட்டி, எடுக்காமல் அப்படியே அழுத்திப் பிடியுங்கள். மெலிதாக ஒரு சுரம் கேட்கும். மீட்டாமலே வந்த சுரம் அது. விரல் தட்டிய வேகம் தந்தியை அதிரவைத்தது. அதே தட்டு, மெட்டுக்கும், தந்தியின் மறுமுனையைத் தாங்கும் குதிரைக்கும் இடைப்பட்ட நீளம்தான் ஒலிக்க வேண்டும் என்பதையும் தீர்மானித்துவிட்டது. அடிப்பதும் சுரத்தை நிர்ணயிப்பதும் ஒரே செயலாகிவிட்டன.

இப்போது விரலை எடுக்காமல் தந்தியைக் கொஞ்சம் பக்கவாட்டில் இழுங்கள். சுருதி ஏறும். இழுத்துத் தளர்த்தினால் சுரம் அசையும். இது வீணைக்காரர்கள் அன்றாடம் செய்வது.

கிளாவிகார்டின் டேன்ஜென்ட் இந்த இரண்டையும் செய்கிறது. அசையாத மெட்டுக்குப் பதிலாக, கட்டையோடு சேர்ந்து எழும்பி வந்து தந்தியைத் தட்டி நிற்கும் மெட்டு என்று அதை நினைத்துக்கொள்ளலாம். இந்த ஒப்பீடு எங்கே முறிகிறது என்பதையும் சொல்லிவிட வேண்டும். வீணையில் விரலின் சதை மெட்டுக்குப் பின்னால் தந்தியின் மேல் படிந்திருப்பதால், ஒலிக்க வேண்டாத பகுதி தானாக அடங்கிவிடுகிறது. பித்தளைத் தகட்டுக்குச் சதை ஏது? அதனால் கிளாவிகார்டில் அந்த வேலைக்கு வேறு ஏற்பாடு வேண்டியிருந்தது.

பெட்டிக்குள்

கிளாவிகார்டு ஒரு நீள்சதுரப் பெட்டி. சிறியவற்றை ஒருவர் கையில் தூக்கிக்கொண்டு போய் எந்த மேசைமேலும் வைக்கலாம். தந்திகள் வாசிப்பவருக்கு இடமிருந்து வலமாக, கட்டைகளுக்குக் குறுக்கே ஓடுகின்றன. பெரும்பாலும் பித்தளைத் தந்திகள். அவை ஒன்றையொன்று ஒட்டி, ஒரே சுருதியில் ஜோடி ஜோடியாக இருக்கும்.

இடப்பக்கம் தந்திகள் ஆணிகளில் மாட்டப்பட்டிருக்கும். அங்கே தந்திகளின் இடையே மேலும் கீழுமாகக் கம்பளித் துணிப்பட்டை ஒன்றைப் பின்னியிருப்பார்கள். வலப்பக்கம் மெல்லிய ஒலிப்பலகை. அதன்மேல் குதிரை. குதிரையைத் தாண்டிச் சுருதி கூட்டும் ஆணிகள்.

ஒரு கட்டையை அழுத்துகிறீர்கள். கட்டை நடுவில் ஓர் ஊசியின் மேல் தாங்கி நிற்பதால் அதன் பின்முனை எழும்புகிறது. டேன்ஜென்ட் தந்தி ஜோடியைத் தொடுகிறது. தொட்ட இடத்திலிருந்து வலப்புறம், குதிரைவரை உள்ள பகுதி ஒலிக்கிறது; குதிரை அந்த அதிர்வை ஒலிப்பலகைக்குக் கொடுக்கிறது. இடப்புறப் பகுதியை அந்தக் கம்பளித் துணி அடக்கிவிடுகிறது. விரலை எடுத்தீர்களா, டேன்ஜென்ட் கீழே இறங்குகிறது. இப்போது தந்தி முழுவதும் துணியின் பிடிக்குள் வந்துவிடுவதால் ஒலி நின்றுவிடுகிறது. பியானோவில் ஒவ்வொரு சுரத்தையும் நிறுத்தத் தனித்தனி அடைப்பான்கள் தேவை. இங்கே ஒரு துணிப்பட்டை எல்லாவற்றுக்கும் போதும்.

கட்டை பக்கவாட்டில் ஆடாமல் இருக்க, அதன் வால்முனையில் திமிங்கிலத்தின் வாயிலிருந்து எடுக்கும் வளையக்கூடிய தகட்டின் சிறு துண்டு ஒன்றைச் செருகி, பின்சுவரில் உள்ள வெட்டுக்குள் ஓடவிடுவது பழைய தச்சர்களின் வழக்கம். நகரும் பாகம் என்று பார்த்தால் கட்டை ஒன்றுதான். பியானோவில் விரலுக்கும் சுத்தியலுக்கும் நடுவே நெம்புகோல்களும் விற்களும் சேர்ந்த ஒரு சிறு தொழிற்சாலையே இருக்கும்.

சுருக்கமாக: டேன்ஜென்ட் தந்தியைத் தட்டுகிறது, ஒலிக்கும் நீளத்தை நிர்ணயிக்கிறது, விரல் எடுக்கும்வரை தந்தியிலேயே நிற்கிறது. வேண்டாத பகுதியை அடக்குவது துணி.

ஏன் இவ்வளவு மெல்லிய ஒலி?

கிளாவிகார்டை நேரில் கேட்கும் எவருக்கும் முதலில் ஏற்படுவது ஏமாற்றம்தான். அதே அறையில் இருவர் சாதாரணமாகப் பேசினால் போதும், மறைந்துவிடும். செய்தவருக்குத் திறமை போதவில்லை என்று நினைக்கக் கூடாது. காரணம் அடியின் இடத்தில் இருக்கிறது.

பியானோவின் சுத்தியல் தந்தியின் ஓரத்திலிருந்து கொஞ்சம் உள்ளே தள்ளி, நீளத்தில் சுமார் எட்டில் ஒரு பங்கு தூரத்தில் அடிக்கிறது. தந்தி அங்கே தாராளமாக அசையும். டேன்ஜென்ட் தட்டும் இடமோ, ஒலிக்கும் பகுதியின் முனையேதான். தட்டிய அந்தப் புள்ளியே தந்தியின் எல்லையாகி, அசையாமல் நின்றுவிடுகிறது. அசையாத இடத்தில் அடித்தால் எவ்வளவு சக்திதான் தந்திக்குள் போகும்? ஓங்கி அடித்துச் சரிக்கட்டலாம் என்றால் அதற்கும் வழியில்லை. பலமாக அழுத்தினால் டேன்ஜென்ட் தந்தியை மேலே தூக்கி இழுத்துவிடும். சுருதி ஏறி அபசுரமாகும்.

ஆனால் அந்தச் சிறிய எல்லைக்குள் ஏற்ற இறக்கம் நிறைய உண்டு. காதுக்கு எட்டுமா எட்டாதா என்ற நிலையிலிருந்து, அமைதியான அறையை நிரப்பும் அளவு வரை ஒலியை விரலாலேயே கூட்டிக் குறைக்கலாம். ஹார்ப்சிகார்டு எவ்வளவு உரத்து ஒலித்தாலும் விரலால் இதைச் செய்ய அதனால் முடியாது. உரத்த கருவிக்கு ஏற்ற இறக்கம் இல்லை, ஏற்ற இறக்கம் உள்ள கருவிக்கு உரப்பு இல்லை. பியானோ வரும்வரை ஐரோப்பாவின் கட்டைக் கருவிகள் இந்த இக்கட்டில்தான் இருந்தன.

பியானோ பழகிய கை முதன்முதலில் கிளாவிகார்டில் படும்போது வரும் ஒலி பரிதாபமாக இருக்கும். பியானோவில் கட்டையைத் தட்டிவிட்டுக் கையைத் தளர்த்தலாம். இங்கே தளர்த்தினால் டேன்ஜென்ட் தந்தியில் நிலையாக நிற்காமல் துள்ளும்; சுரத்துக்குப் பதில் ஒரு கரகரப்பு வரும். தட்டிய பின் விடாமல், அதே சமயம் அமுக்கிவிடாமல், ஒரே அளவு பிடிப்போடு சுரத்தை அதன் ஆயுள் முழுவதும் தாங்க வேண்டும். 1565இல் ஸ்பெயினின் தோமாஸ் தெ சாந்தா மரியா என்ற துறவி வெளியிட்ட வாசிப்பு இலக்கண நூல், நகம் படாமல் விரல் நுனியின் சதையால் கட்டையைத் தொட வேண்டும் என்று சொல்கிறது. கிளாவிகார்டில் ஒரு நாள் உட்கார்ந்தவருக்கு அதன் காரணம் புரிந்துவிடும்.

அழுத்தத்தில் அசையும் சுரம்

அபசுரத்துக்குக் காரணமாகும் அதே குணத்தை அளவோடு பயன்படுத்தினால் அழகாகிறது. சுரம் ஒலித்துக்கொண்டிருக்கும்போது, கட்டையிலிருந்து விரலை எடுக்காமல், அழுத்தத்தை மட்டும் சற்றுக் கூட்டிக் குறைத்தால் தந்தியின் இழுவிசை கூடிக் குறைகிறது. சுரம் மெலிதாக அலைகிறது. ஜெர்மன்காரர்கள் இதற்கு பேபுங் என்று பெயர் வைத்தார்கள். இசைத்தாளில் ஒரே சுரத்தின்மேல் சில புள்ளிகளையும் அவற்றின்மேல் ஒரு வளைகோட்டையும் போட்டு இதைக் குறித்தார்கள்.

வீணையின் கமகத்தோடு இதைச் சமப்படுத்திவிட வேண்டாம். வீணையில் ஒரே மெட்டில் இருந்தபடி தந்தியை இழுத்து அடுத்தடுத்த சுரங்களையே தொடலாம். பேபுங் அவ்வளவு தூரம் போகாது. ஒரு சுரத்துக்குள்ளேயே சிறு அசைவு, அதுவும் மேல்நோக்கி மட்டும். அழுத்தத்தைக் கூட்டினால் ஏறும். இயல்பு நிலைக்குக் கீழே இறக்க வழியில்லை. ஆனாலும் ஹார்ப்சிகார்டு, பியானோ, குழாய் ஆர்கன் ஆகிய எதிலும், பிறந்துவிட்ட ஒரு சுரத்தை விரலால் இப்படி அசைக்க முடியாது. பியானோ கலைஞர்கள் சிலர் நீண்ட சுரத்தில் விரலைக் கட்டையின்மேல் வைத்து நடுக்குவதைப் பார்த்திருக்கலாம். பார்ப்பவருக்கு உருக்கமாக இருக்கும். தந்திக்கு அந்தச் செய்தி போய்ச்சேராது.

ஒரு தந்தி, பல கட்டைகள்

வீணையில் ஒரே தந்தியில் பல மெட்டுகள் இருக்கின்றன. எதை அழுத்துகிறோமோ அந்தச் சுரம் வருகிறது. கிளாவிகார்டிலும் இது முடியும். அடுத்தடுத்த இரண்டு, மூன்று கட்டைகளின் டேன்ஜென்ட்கள் ஒரே தந்தி ஜோடியை வெவ்வேறு இடங்களில் தட்டும்படி அமைத்தால், குறைந்த தந்திகளில் நிறையச் சுரங்கள் கிடைக்கும். இந்த வகைக்குப் பிணைத்த கிளாவிகார்டு என்று பெயர் வைத்துக்கொள்வோம்.

இத்தாலியின் உர்பினோ நகர அரண்மனையில், ஃபெடரிகோ என்ற கோமானின் படிப்பறைச் சுவரில் 1476 வாக்கில் மரத்துண்டுகளைப் பதித்தே ஒரு கிளாவிகார்டைச் சித்திரமாக்கியிருக்கிறார்கள். அளவுகள் அவ்வளவு துல்லியம். அந்தச் சித்திரத்தைப் பார்த்தே நம் காலத்துக் கைவினைஞர்கள் கருவியைச் செய்திருக்கிறார்கள். அதில் 47 கட்டைகள். தந்தி ஜோடிகளோ 17தான்.

லாபம் தெளிவு. தந்தி குறைந்தால் செலவு குறையும், பெட்டி இலேசாகும், சுருதி கூட்டும் வேலையும் குறையும். நஷ்டமும் தெளிவு. ஒரே ஜோடியைப் பகிரும் இரண்டு கட்டைகளைச் சேர்த்து அழுத்தினால் இரண்டு சுரம் வராது. குதிரைக்கு அருகில் இருக்கும் டேன்ஜென்டின் சுரம் மட்டும் வரும். சேர்ந்து ஒலிக்கத் தேவைப்படாத அண்டைச் சுரங்களையே பிணைப்பது வழக்கமாதலால் பெரும்பாலான பாடல்களுக்கு இது இடைஞ்சல் இல்லை. ஆனால் ஒரு சுரத்திலிருந்து அதன் பிணைச் சுரத்துக்கு இறங்கும்போது முதல் விரலை நறுக்கென்று எடுத்தாக வேண்டும். சற்றுத் தாமதித்தாலும் அடுத்த சுரம் அடைபட்டுப்போகும். சோம்பேறி விரலை இந்தக் கருவி உடனே காட்டிக்கொடுத்துவிடும்.

17ஆம் நூற்றாண்டின் இறுதியில், ஒவ்வொரு கட்டைக்கும் தனி ஜோடி கொண்ட பிணைக்காத கிளாவிகார்டுகள் வரத் தொடங்கின. 18ஆம் நூற்றாண்டில் ஹாம்பர்க் நகரின் ஹாஸ் குடும்பத்தார் ஐந்து ஸ்தாயி நீளத்துக்கு இந்த வகையைச் செய்தார்கள். 61 கட்டைகள், குறைந்தது 122 தந்திகள். இதைக் கையில் தூக்கிப் போக முடியாது. பெரிய கருவி வந்ததால் சிறியது ஒழிந்துவிடவும் இல்லை. இரண்டும் அக்கம்பக்கமாகவே இருந்தன.

சுருக்கமாக: விரலின் அழுத்தம் ஒலியின் அளவையும் சுருதியின் அசைவையும் ஆளுகிறது. பல கட்டைகள் ஒரே தந்தியைப் பகிர்ந்தால் பிணைத்த வகை, தனித்தனித் தந்தி இருந்தால் பிணைக்காத வகை.

அவையில் இல்லாத கருவி

கிளாவிகார்டு என்ற பெயர் நமக்குக் கிடைக்கும் மிகப் பழைய இடம், 1404இல் எபர்ஹார்ட் ஃபான் செர்ஸ்னே எழுதிய ஒரு ஜெர்மன் காதல் கவிதை. ஹார்ப்சிகார்டின் பெயரும் அதே கவிதையில் பக்கத்திலேயே வருகிறது. படிக்கட்டுக் கதைக்கு இதுவே போதுமான பதில்; ஒன்று வளர்ந்து மற்றொன்றாகவில்லை, இரண்டும் கூடவே நடந்து வந்தவை. 1440 வாக்கில் பர்கண்டி அரசவையின் மருத்துவரும் வானியலாளருமான ஸ்வோல்லே ஊர் ஆர்னோ இரண்டின் அமைப்பையும் வரைபடத்தோடு எழுதிவைத்தார். தேதி பொறித்த கிளாவிகார்டுகளில் இன்று எஞ்சியிருப்பவற்றுள் மிகப் பழையது 1543இல் பெசாரோ ஊர் டொமெனிக்கோ செய்தது. லைப்சிக் பல்கலைக்கழகத்தின் இசைக்கருவி அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

இதன் மூதாதை மோனோகார்டு என்ற ஒற்றைத் தந்திக் கருவி. பாடுவதற்காக அல்ல, சுரங்களின் இடைவெளியை அளந்து காட்டுவதற்காகப் பள்ளிகளில் வைத்திருந்தது. ஒரு தந்தி, அதன் கீழே நகர்த்தக்கூடிய ஒரு குதிரை. நகர்த்தும் குதிரைக்குப் பதில் கட்டைகளைப் பொருத்தி, தந்திகளையும் பெருக்கினால் கிளாவிகார்டு. தொடக்கக் காலத்தில் எல்லாத் தந்திகளையும் ஒரே சுருதியில்தான் கட்டினார்கள். சுரத்தை டேன்ஜென்டின் இடம் பார்த்துக்கொண்டது. ஸ்பெயினில் வெகுகாலம் இதற்கு ‘மோனகோர்தியோ’ என்றே பெயர்.

அந்தக் காலத்துக் கட்டை இசையில் கிளாவிகார்டின் பங்கு என்ன என்று கேட்டால், மேடையில் தேடக் கூடாது. அங்கே அது இருந்ததே இல்லை. வீட்டில் தேட வேண்டும். 16ஆம் நூற்றாண்டு இசை பெரும்பாலும் இந்தக் கருவிக்கு என்று எழுதப்பட்டதல்ல. பார்வையற்ற மேதை அன்டோனியோ தெ கபெசோனின் படைப்புகளை அவர் மகன் 1578இல் அச்சிட்டபோது, கட்டைக் கருவிக்கும் ஹார்ப்புக்கும் விகுவேலா என்ற தந்திக் கருவிக்கும் என்று பொதுவாகவே தலைப்பிட்டார். கையில் எது இருக்கிறதோ அதில் வாசி என்று பொருள். பெரும்பாலோர் கையில் இருந்தது கிளாவிகார்டு. மலிவு, இலேசு, சுருதி எளிதில் கலையாது, பக்கத்து வீட்டாரைத் தொந்தரவு செய்யாது. படிக்கிற பிள்ளைக்கு இதைவிட என்ன வேண்டும்?

ஆர்கன் கலைஞர்களின் கதை இன்னும் சுவையானது. தேவாலய ஆர்கனில் பயிற்சி செய்ய வேண்டுமென்றால் துருத்தி மிதிக்க ஆள் வேண்டும், அவருக்குக் கூலி வேண்டும். குளிர்காலத்தில் ஜெர்மனியின் தேவாலயத்துக்குள் விரல் விறைத்துவிடும். ஆகவே வீட்டிலேயே இரண்டு கிளாவிகார்டுகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, காலால் மிதித்து வாசிக்கும் கட்டைகளோடு மூன்றாவது ஒன்றைத் தரையில் வைத்துக்கொண்டார்கள். கையும் காலும் ஆர்கனில் செய்யும் அத்தனையையும் கணப்பு அடுப்பின் அருகே உட்கார்ந்து பழகலாம். 18ஆம் நூற்றாண்டில் கெர்ஸ்டன்பெர்க் என்பவர் செய்த இத்தகைய தொகுதி ஒன்றும் லைப்சிக் அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

இசையமைப்பாளர் ஹாண்டலின் இளமைக் கதை ஒன்று உண்டு. மகனை வக்கீலாக்க நினைத்த தகப்பனார் வீட்டில் இசைக்கருவியே கூடாது என்று தடைபோட, யாருக்கும் தெரியாமல் ஒரு சின்னக் கிளாவிகார்டு மாடியறைக்கு ஏறியதாம். எல்லோரும் தூங்கிய பிறகு சிறுவன் வாசித்தானாம். 1760இல் வந்த அவருடைய வாழ்க்கை வரலாறு சொல்வது இது. உண்மையோ கற்பனையோ, வேறு எந்தக் கட்டைக் கருவியை வைத்தும் இந்தக் கதையைக் கட்டியிருக்க முடியாது.

ஜெர்மன் இசைமேதை யோஹான் செபாஸ்டியன் பாக் விஷயத்தில் எச்சரிக்கை தேவை. அவருக்கு மிகவும் பிடித்த கருவி கிளாவிகார்டுதான் என்று அடித்துச் சொன்னவர் அவருடைய வாழ்க்கை வரலாற்றை எழுதிய ஃபோர்கல். 1802இல், பாக் மறைந்து அரை நூற்றாண்டுக்குப் பிறகு. ஃபோர்கலுக்குத் தகவல் தந்தவர்கள் பாக்கின் மகன்கள். 1750இல் பாக் இறந்தபோது எடுத்த சொத்துப் பட்டியலில் கிளாவிகார்டு என்று பெயர் சொல்லி எதுவும் இல்லை. மகனின் ரசனையைத் தகப்பன்மேல் ஏற்றிவிட்டார்களோ என்பது என் சந்தேகம். வீட்டுக்குள் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தவர் கிளாவிகார்டைத் தொடாமல் இருந்திருக்க மாட்டார், அது வேறு. 1722இல் அவர் எல்லா மேஜர், மைனர் சுருதிகளிலும் எழுதித் தொகுத்த 24 பிரெலூட், ஃபியூக் ஜோடிகளின் தலைப்பு கட்டைக் கருவி என்று பொதுவாகத்தான் சொல்கிறது. எந்தக் கருவி என்ற வழக்கு இன்னும் முடியவில்லை. முடிய வேண்டிய அவசியமும் இல்லை.

கார்ல் ஃபிலிப் எமானுவேல்

அந்த மகன்களில் ஒருவர்தான் இந்தக் கருவியின் பெரும் கலைஞர். கார்ல் ஃபிலிப் எமானுவேல் பாக். பெர்லினில் இரண்டாம் ஃபிரெடரிக் மன்னரின் அவையில் நெடுங்காலம் ஹார்ப்சிகார்டு வாசித்தார். அரசருக்குப் புல்லாங்குழலில் பிரியம். இவருக்கோ வீட்டில் இருந்த கிளாவிகார்டில். 1753இல் அவர் வெளியிட்ட வாசிப்புக் கலை நூல் ஐரோப்பா முழுவதும் பாடநூலானது. ஒவ்வொருவரிடமும் நல்ல ஹார்ப்சிகார்டும் நல்ல கிளாவிகார்டும் இருக்க வேண்டும், மாற்றி மாற்றி வாசிக்க வேண்டும் என்கிறார். கிளாவிகார்டை நன்றாக வாசிப்பவர் ஹார்ப்சிகார்டையும் நன்றாக வாசித்துவிடுவார், மறுதலையாக நடக்காது என்கிறார். ஒருவரின் திறமையைத் துல்லியமாக எடைபோட கிளாவிகார்டுதான் சரியான இடமாம்.

1772இல் ஆங்கிலேய இசை வரலாற்றாளர் சார்லஸ் பர்னி, அப்போது பாக் வசித்த ஹாம்பர்க் நகருக்கு வந்து அவர் வீட்டில் விருந்துண்டார். கோட்ஃபிரீட் ஸில்பர்மான் செய்த கிளாவிகார்டு ஒன்று பாக்கிடம் இருந்தது. விருந்துக்குப் பிறகு அதில் அமர்ந்தவர் இரவு பதினொரு மணி ஆகும்வரை ஏறக்குறைய இடைவிடாமல் வாசித்தாராம். ஆவேசம் வந்தவர்போல் கண்கள் நிலைகுத்த, கீழுதடு தொங்க, முகத்தில் வியர்வை துளிர்க்க வாசித்தார் என்று பர்னி எழுதியிருக்கிறார். மெதுவான பகுதிகளில் நீண்ட சுரம் வரும்போதெல்லாம் கருவியிலிருந்து ஓர் அழுகுரலையே எழுப்பினார், கிளாவிகார்டில் மட்டும், ஒருவேளை அவர் ஒருவரால் மட்டும் ஆகக்கூடியது அது என்றும் சொல்கிறார். பேபுங் என்ற அந்தச் சிறு அசைவைத்தான் சொல்கிறார் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை.

1781இல் அந்தக் கருவியை குரோட்ஹூஸ் என்ற பிரபுவுக்குக் கொடுத்துவிட்டார். கூடவே ஒரு ரொண்டோவையும் எழுதி அனுப்பினார். ரொண்டோ என்றால் பல்லவிபோல முதல் அடி திரும்பத் திரும்ப வரும் வடிவம், பொதுவாகக் கலகலப்பானது. இதுவோ பிரிவாற்றாமைப் பாட்டு, ‘என் ஸில்பர்மான் கிளாவியருக்கு விடை’ என்பது தலைப்பு; கிளாவியர் என்றால் கட்டைக் கருவி. வாங்கியவரும் சும்மா இருக்கவில்லை. கருவி வந்துசேர்ந்த மகிழ்ச்சியைச் சொல்லி இன்னொரு ரொண்டோ எழுதினார்.

பியானோ வந்த பிறகு

பியானோவை உருவாக்கியவர் பார்டோலோமெயோ கிறிஸ்டோஃபோரி. ஃபுளோரன்ஸில் மெடிச்சி குடும்பத்தின் ஹார்ப்சிகார்டு வல்லுநர். 1700 வாக்கில் ஹார்ப்சிகார்டின் உடலுக்குள் சுண்டும் முள்ளுக்குப் பதில் சுத்தியலைப் பொருத்தினார். மென்மையாகவும் வன்மையாகவும் ஒலிக்கும் ஹார்ப்சிகார்டு என்றுதான் அதை முதலில் அழைத்தார்கள். ஆகப் பியானோ பிறந்தது ஹார்ப்சிகார்டின் வீட்டில். பின்னால் வந்த சதுரப் பியானோக்கள் கிளாவிகார்டு போன்ற நீள்சதுரப் பெட்டியில் அமைந்ததால், வெளியிலிருந்து பார்ப்பவர் இரண்டையும் ஒன்றாக நினைப்பதில் வியப்பில்லை.

பியானோ பரவிய பிறகும் கிளாவிகார்டு உடனே மறையவில்லை. 1763இல் லியோபோல்ட் மோட்சார்ட், பயணத்தில் மகன் பழகுவதற்கென்று ஆக்ஸ்பர்க்கில் ஸ்டைன் என்ற கருவித் தச்சரிடம் சிறிய கிளாவிகார்டு ஒன்றை வாங்கினார். இப்போது புடாபெஸ்ட்டில் இருக்கிறது. மோட்சார்ட்டின் இன்னொரு கிளாவிகார்டு சால்ஸ்பர்க்கில் அவர் பிறந்த வீட்டில் இருக்கிறது. ‘மாயப் புல்லாங்குழல்’ ஓப்பெராவையும் ரெக்வியம் என்ற இறந்தோருக்கான வழிபாட்டு இசையையும் கணவர் இதில்தான் இயற்றினார் என்று அதன்மேல் மனைவி கான்ஸ்டான்சே எழுதிவைத்த குறிப்பு உண்டு. இசையமைப்பாளர் ஹைடனிடம் இருந்த, 1794இல் போஹாக் செய்த கருவி லண்டன் ராயல் இசைக் கல்லூரியில் உள்ளது. ஸ்வீடனில் 19ஆம் நூற்றாண்டு பிறந்த பிறகும் லிண்ட்ஹோல்ம் பெரிய கிளாவிகார்டுகளைச் செய்துகொண்டிருந்தார். பிறகுதான் மறதி.

1894இல் இங்கிலாந்தில் ஆர்னால்ட் டோல்மெட்ச் பழைய முறைப்படி ஒரு கிளாவிகார்டைச் செய்தார். பிற்பாடு பாஸ்டனில் சிக்கரிங் நிறுவனத்துக்காகவும் செய்தார். இன்று புதிய கிளாவிகார்டு கிடைக்கிறது என்றால் அந்தத் தொடக்கம் ஒரு காரணம்.

தொடக்கத்தில் சொன்ன கிளாவினெட்டுக்கு வருவோம். மவுத் ஆர்கனுக்குப் பேர்போன ஜெர்மனியின் ஹோனர் நிறுவனத்தில் எர்ன்ஸ்ட் ஸகாரியாஸ் அதை வடிவமைத்தார். கட்டையின் அடியில் உள்ள ரப்பர் முனை தந்தியை ஓர் உலோக முனைமேல் தட்டி அழுத்திப் பிடிக்கிறது. ஒரு பக்கம் ஒலிக்கிறது. மறுபக்கத்தை நூல்பின்னல் அடக்குகிறது. அடிப்படை கிளாவிகார்டுதான். அதிர்வை ஒலிப்பலகைக்குப் பதில் மின்காந்தம் வாங்கி ஒலிபெருக்கிக்கு அனுப்புவதால் மட்டும் குணம் தலைகீழாகிவிட்டது. 1972இல் ஸ்டீவி வண்டர் ‘சூப்பர்ஸ்டிஷன்’ பாடலில் அதை வாசித்த வெட்டு வெட்டான, அதிரடியான ஒலிதான் இன்று நம் வீட்டு கீபோர்டின் எட்டாவது இடத்தில் உட்கார்ந்திருக்கிறது.

கேட்கத் தொடங்குபவர்களுக்கு

ஒலிப்பதிவுகளில் ஒரு சூழ்ச்சி இருக்கிறது. ஒலிவாங்கியைத் தந்திக்கு அருகில் வைத்துப் பதிவுசெய்கிறார்கள். நாமோ ஹார்ப்சிகார்டு கேட்கும் அளவில் வைத்துக் கேட்கிறோம். இப்படிப் பெரிதாக்கினால் கட்டை மரத்தில் படும் சத்தமெல்லாம் முன்னே வந்துவிடும். ஒலியளவைப் பாதியளவுக்கும் கீழே இறக்கிவிட்டு, மின்விசிறியையும் நிறுத்திவிட்டுக் கேளுங்கள். முதல் ஓரிரு நிமிடம் ஒன்றும் பிடிபடாது. பிறகு காது தானே தன் அளவைக் குறைத்துக்கொள்ளும். அப்போது ஏற்ற இறக்கங்கள் பெரிதாகத் தெரியத் தொடங்கும்.

கார்ல் ஃபிலிப் எமானுவேலின் அந்த விடைபெறும் ரொண்டோவிலிருந்து தொடங்கலாம். நீண்ட சுரங்களில் பேபுங் வருகிறதா என்று கவனியுங்கள். எல்லாக் கலைஞர்களும் ஒரே அளவில் போடுவதில்லை, சிலர் மிகச் சிக்கனமாகப் போடுவார்கள். அடுத்து, ரால்ஃப் கிர்க்பாட்ரிக் கிளாவிகார்டில் பதிவுசெய்த தகப்பனார் பாக்கின் பிரெலூட், ஃபியூக் தொகுப்பு. அதே படைப்பை ஹார்ப்சிகார்டிலும் பியானோவிலும் அடுத்தடுத்துக் கேட்டுப் பாருங்கள். பல குரல்கள் ஒன்றையொன்று துரத்தும் ஃபியூகில், ஒரு குரலை மட்டும் சற்றே அழுத்திக் காட்டுவது ஹார்ப்சிகார்டில் முடியாமலும், பியானோவில் எளிதாகவும், கிளாவிகார்டில் இழையளவாகவும் நடப்பது தெரியும்.